சிப்பாய் சின்னக்கண்ணு நினைவுக் கோப்பை

உட்காருங்கள் டீச்சர். உங்கள் விளையாட்டு விழா மெடல்களில் பெயர் வெட்டி முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். மிஷின் அதன் வேலையைப் பார்க்கட்டும். அதுவரைக்கும் ஒரு விடுகதை போடுகிறேன். முன்னால் ராஜா, பின்னால் குதிரை, போருக்குப் போனவன் ஓரத்தில். அது என்ன?

காசு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நீங்களும் சொல்லிவிட்டீர்கள். காசின் ஓரத்தில் யாருடைய பெயராவது இருந்து பார்த்திருக்கிறீர்களா? இல்லை அல்லவா? கொஞ்சம் பொறுங்கள், அலமாரியைத் திறக்கிறேன்.

இதோ. மெடலின் முகத்தில் விரல் படக் கூடாது. மேலே கம்பி இருக்கிறது பாருங்கள், ரிப்பன் கோக்கிற கம்பி, அதைப் பிடியுங்கள். முன்னால் இருப்பவர் ஐந்தாம் ஜார்ஜ். பின்னால் திருப்புங்கள். குதிரை, குதிரைமேல் ஓர் ஆள். ஆமாம், உடம்பில் துணி இல்லைதான். என் மகளும் முதலில் அதைத்தான் கேட்டாள், சட்டைகூட இல்லாமல் சண்டைக்குப் போனாங்களா என்று. வெள்ளைக்காரர்களின் சிற்ப முறை அது. முதல் உலகப் போருக்குப் போய் வந்தவர்களுக்குக் கொடுத்த மெடல். இப்போது ஓரத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். பொடி எழுத்தில் ஒரு எண், ஒரு பதவி, ஒரு பெயர், ஒரு படைப்பிரிவு. தெரிகிறதா? ராஜா போருக்குப் போகவில்லை. குதிரைக்காரன் வெறும் படம். போனவன் ஓரத்தில் இருக்கிறான். அவ்வளவுதான் விடுகதை.

நீங்கள் உள்ளே வந்ததும் மேல் தட்டில் இருக்கிற அந்தப் பெரிய கோப்பைக்கு விலை கேட்டீர்கள். அது விற்பனைக்கு இல்லை. பெயர் வெட்டியாகிவிட்டது. அழித்துக் கொடுக்கலாமே என்று என் மனைவி சுகந்திகூடச் சொல்கிறாள். அழித்தால் முலாம் போய்விடும், அந்த இடம் சொட்டைத் தலை மாதிரி தெரியும். அப்படியே இருக்கட்டும். அதைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அதுவும் இருக்கட்டும்.

நீங்கள் பட்டாளத்தில் இருந்தீர்களா என்று கேட்க வருகிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. என்னைப் பார்க்கிற எல்லோருக்கும் அந்தச் சந்தேகம் வரும். ஆள் எடுப்புக்குப் போனேன் டீச்சர். ஓட்டத்தில் தேறினேன். கண் பார்வையில் தேறினேன். மார்பளவு எடுக்கிற இடத்தில்தான் சதி நடந்தது. மூச்சை இழுத்து மார்பை விரிக்கச் சொன்னார்கள். விரித்தேன். டேப்பைப் பிடித்திருந்தவர், "ம், விரிப்பா," என்றார். நான் விரித்து முடித்திருந்தேன்.

தேசத்துக்கு நஷ்டம். எனக்கு என்ன? கடை வைத்தேன். கப், ஷீல்டு, மெடல். வேலூரில் கோகோ ஆடிய பிள்ளைகள் பாதிப் பேர் கழுத்தில் என் சரக்குதான் தொங்குகிறது. ஓடினவனுக்கும் மெடல், ஓட முடியாமல் வழியில் உட்கார்ந்தவனுக்கும் மெடல். பங்கேற்றதற்கு ஒன்று என்று ஆரம்பித்தார்களே, அன்றிலிருந்து வியாபாரம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் மெடல் என்று நான் ஒத்துக்கொள்வதில்லை. உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் தாராளமாக ஆர்டர் கொடுங்கள்.

நான் மெடல் என்று சொல்வது இந்த அலமாரியில் இருப்பதை. இதற்கு இந்த ஊரில் என்ன மதிப்பு என்று கேட்டால் சுபேதார் தேவசகாயத்தைக் கேளுங்கள். எங்கள் தெருக்காரர். பட்டாளத்தில் உண்மையாகவே இருந்து பென்ஷன் வாங்குகிறவர். காலையில் டீக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருப்பார். நான் அந்தப் பக்கம் தலை காட்டினால் போதும், டீ கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சல்யூட் அடிப்பார்.

"ஜெனரல் தணிகாசலம் வர்றார். எழுந்திருங்கப்பா, மரியாதை வேணாம்?"

அத்தனை பேரும் எழுந்திருப்பார்கள். நான் வேண்டாம், உட்காருங்கள் என்றுதான் சொல்வேன். கேட்க மாட்டார்கள். எதற்கு இவர்கள் சிரிக்கிறார்கள் என்று சுகந்தி கேட்பாள். மரியாதை கொடுக்கிறவன் அழுதுகொண்டா கொடுப்பான்?

இந்த மெடல்களைச் சேர்த்தது எப்படி என்று சொல்கிறேன். இந்தச் சுற்றுவட்டக் கிராமங்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. போய் வந்தவர் காலத்துக்குப் பிறகு மெடல் பெட்டியில் கிடக்கும். வீட்டில் காதுகுத்து வரும், கல்யாணம் வரும். வெள்ளி மெடலை எடுத்துக்கொண்டு நகைக் கடைக்கு வருவார்கள். கடைக்காரர் ராஜாவைப் பார்க்க மாட்டார், குதிரையைப் பார்க்க மாட்டார், தராசைப் பார்ப்பார். மறுநாள் அது கொலுசு. எந்தெந்தப் போர்க்களத்துக்கோ போய் வந்தது, கடைசியில் ஒரு குழந்தையின் காலில் ஜல் ஜல் என்று ஓடிக்கொண்டிருக்கும். அதனால் உருக்குகிற கடைகளில் சொல்லிவைத்திருக்கிறேன். அடுப்பில் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன். வெண்கல மெடலுக்கு அந்தக் கவலை இல்லை. அதை எந்தக் கடையும் கேட்பதில்லை, வீட்டிலேயே கிடக்கும். எங்கள் வீட்டில் கிடந்த மாதிரி. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு மெடலுக்கும் கீழே அட்டை வைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள். வரலாறு. ஓரத்தில் இருப்பது ஒரே வரி. மிச்சத்தை யாராவது எழுத வேண்டாமா? நான் எழுதினேன். இவர் பாருங்கள், கோவேறு கழுதை ஓட்டியவர். 'குண்டு மழைக்கு நடுவே சிங்கமெனப் பாய்ந்தார்' என்று போட்டிருக்கிறேன். பாய்ந்தது கழுதையாகக்கூட இருக்கலாம். யார் போய்ப் பார்த்தது?

சுகந்திக்கு இதெல்லாம் கேலி. அலமாரியைத் துடைக்கும்போது அட்டைகளைப் படிப்பாள்.

"ஏங்க, நீங்க எழுதியிருக்கிறதப் பாத்தா நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரும் ஐம்பது பேர அடிச்சிருக்காங்க. அப்புறம் அந்தச் சண்டை ஏன் நாலு வருஷம் இழுத்துச்சு?"

வரலாற்று அறிவு எல்லோருக்கும் வராது. அதனால்தான் மகளைப் பழக்கினேன். நிறைமதி, ஐந்தாம் வகுப்பு. மதி என்று கூப்பிடுவோம். எனக்குப் பிறகு இந்த அலமாரி அவளுக்குத்தானே? விடுகதையில் ஆரம்பித்தேன். பிறகு விதிகள். மெடலைத் தேய்த்துப் பளபளப்பாக்காதே, ஓரத்து எழுத்து தேய்ந்துவிடும். கையில் எடுத்தால் முழுவதையும் படி, ஓரத்தையும் விடாதே. பெயரை நம்பாதே, எண்ணைப் பார். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள், ஒரு படைப்பிரிவில் ஒரு எண்ணுக்கு ஓர் ஆள்தான். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மெடலைப் பெற்றவர் அதை இடது மார்பில் குத்திக்கொள்வார். அவர் காலத்துக்குப் பிறகு குடும்பத்தார் குத்திக்கொண்டால் வலது மார்பில்தான். இது பட்டாளத்துப் பழக்கம். மீறக் கூடாது.

"நீங்க மட்டும் லெஃப்ட்ல குத்திக்கறீங்களேப்பா?"

நியாயமான கேள்விதான். விழாக்களுக்கு நான் ஐந்தாறு மெடல்களை இடது பக்கம்தான் குத்திக்கொண்டு போவேன். பெற்றவர் இடது, வாரிசு வலது. சேகரித்தவர் எந்தப் பக்கம் என்று எங்கேயும் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் நம் வசதிதானே? என் சட்டைப் பை இடது பக்கம் இருக்கிறது, அங்கேதான் குத்த வாகாக இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பாவின் தாத்தா பெயர் சின்னக்கண்ணு. முதல் உலகப் போருக்குப் போனவர். மெசபடோமியா, இன்றைய இராக். அவருக்கும் இந்த மெடல் வந்தது. இதே ராஜா, இதே குதிரை. ஆனால் வெண்கலம். சண்டை போட்டவர்களுக்கு வெள்ளி. கூடப் போய் வேலை செய்தவர்களில் பல பேருக்கு வெண்கலம். ஓரத்தில் எண் இருக்கிறது, பெயர் இருக்கிறது, பெயருக்கு முன்னால் பதவி இருக்கிறது. என்ன பதவி தெரியுமா? குக். சமையல்காரர்.

நீங்களே சொல்லுங்கள். ஒரு மனிதர் கப்பலேறி, கடல் கடந்து, போர்க்களம் வரைக்கும் போகிறார். போய் அடுப்பு ஊதுகிறார். இதை எந்த அட்டையில் எழுதுவது? 'குண்டு மழைக்கு நடுவே பருப்பு வேகவைத்தார்' என்றா?

திரும்பி வந்து ஆற்காட்டில் சாப்பாட்டுக் கடை போட்டார். பட்டாளத்தார் கடை என்றுதான் அதற்குப் பெயர். வடக்கத்திச் சிப்பாய்களுக்கு ரொட்டி சுட்டுச் சுட்டுக் கை பழகியிருந்தது, எங்கள் தெருவுக்குச் சப்பாத்தி வந்ததே அவரால்தான் என்று அப்பா சொல்வார். அந்தக் கடையில்தான் தாத்தா வளர்ந்தார். அப்பா படித்தார். நான் படித்தேன். இந்த ஷீல்டு கடைக்கு முதல் போட்டதும் அந்த இடத்தை விற்றுத்தான். அது வேறு விஷயம். நான் வீரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு யோசனை வரத்தான் செய்தது. இதோ சத்தம் போடுகிறதே, இந்த மிஷின். ஆங்கிலத்தில் குக் என்பது நாலே எழுத்து. அதைத் தேய்த்துவிட்டுச் சிப்பாய் என்று வெட்ட, டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. செய்யவில்லை. மெடல் சேர்க்கிறவர்களிடையே அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஓரத்தைத் தேய்த்துப் பெயர் மாற்றிய மெடலை நான் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட ஆளை என் கடை வாசற்படி ஏற விட மாட்டேன். ஆகவே நேர்மையான வழியில் போனேன். ஓரத்தில் சின்னக்கண்ணு என்று இருக்கிற வேறு ஒரு வெள்ளி மெடலைத் தேடினேன்.

வருடக்கணக்காகத் தேடினேன் டீச்சர். உருக்குகிற கடைகளில் எல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிவைத்தேன். ஒரு நாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால், சிப்பாய் சின்னக்கண்ணு. எழுத்துக்கூடத் தேயவில்லை. கையில் வாங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொந்தத் தாத்தாவை நேரில் பார்த்த மாதிரி இருந்தது. நடு வெல்வெட்டில் அவரை வைத்தேன். அட்டையில் 'எங்கள் குலத்தின் மாவீரர்' என்று எழுதினேன். அந்த வெண்கலத்தை வீட்டில் பழைய சாவியும் பியூஸ் கம்பியும் போட்டு வைக்கிற பிஸ்கெட் டப்பாவில் போட்டேன்.

சைக்கிள் சாவியைத் தேடப் போன மதி அந்த டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். மெடலைக் கையில் எடுத்தாளா, நான் சொல்லிக்கொடுத்தபடியே ஓரத்தைப் படித்துவிட்டாள்.

"அப்பா, இவரும் சின்னக்கண்ணு."

"ஆமாம்மா. அவரேதான். முதல்ல சமையல். அப்புறம் சிப்பாயா பிரமோஷன் ஆயிட்டார்."

"நம்பர் வேற வேற இருக்கே."

"பிரமோஷன்ல நம்பர் மாறும்."

"படையும் வேறயா இருக்கே."

"டிரான்ஸ்பர் ஆகியிருப்பார்."

"ஒரே சண்டைக்கு, ஒரே மெடல, ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ குடுப்பாங்களாப்பா?"

"மதி, பட்டாளத்துல கேள்வி கேக்கக் கூடாது."

"நாம பட்டாளத்துல இல்லையே."

சமையலறையில் சுகந்தி எதையோ கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அல்லது சிரிப்பதற்காகக் கீழே போட்டாள்.

அத்தோடு விட்டாளா? அடுத்த நாளிலிருந்து வேறு கேள்வி. என்ன சமைச்சார்? எத்தனை பேருக்கு? மணல்காத்துல அடுப்பு அணையாதா? குழிக்குள்ள படுத்துச் சுடறவங்களுக்குச் சோத்த யார் கொண்டுபோய்க் குடுப்பாங்க? எனக்கு என்ன தெரியும்? என் அலமாரியில் சோறு கிடையாது. கடைசியில் சுபேதார் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அந்த மனிதருக்கு வேறு வேலை இல்லை. பட்டாளத்துச் சாப்பாட்டைப் பற்றி அவளுக்கு ஒரு மாலை முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் அவள் பள்ளியில் சுதந்திர தின விழா. இந்த வருடம் 'நம் வீட்டு வீரர்' என்று பேச்சுப் போட்டி வைத்தார்கள். படையில் இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்கள் வீட்டு மெடலைக் குத்திக்கொண்டு வந்து பேச வேண்டும். நடுவர் சுபேதார் தேவசகாயம். அந்தக் குடும்பங்களுக்கு முன் வரிசையில் வெள்ளைத் துணி போட்ட நாற்காலிகள்.

அந்த வெள்ளைத் துணி நாற்காலி எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியாது. நான் அந்தப் பள்ளிக்கு வருடா வருடம் ஷீல்டு கொடுக்கிறவன். நன்கொடை கொடுக்கிறவர்களைப் பக்கவாட்டில் உட்கார வைப்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில். கொடி ஏறும்போது பிள்ளைகள் கை கழுவிக்கொண்டிருப்பார்கள், பேன்ட் முழங்கால் வரைக்கும் நனையும். முன் வரிசையில் சுபேதார் காய்ந்த பேன்ட்டோடு உட்கார்ந்திருப்பார். இந்த வருடம் நான் அந்த வரிசையில் உட்கார்ந்தே தீர்வது என்று முடிவு செய்தேன். நாங்களும் பட்டாளத்துக் குடும்பம் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். அது பொய் இல்லையே.

பேச்சை நானே எழுதினேன். பாலைவனத்தில் எதிரிகள் சூழ்ந்துகொள்கிறார்கள், தோட்டா தீர்ந்துவிடுகிறது, சிப்பாய் சின்னக்கண்ணு துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பாய்கிறார். மதி ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தாள். பரிசுக் கோப்பையும் நானே கொடுத்தேன். இப்போது யோசித்துப் பாருங்கள் டீச்சர். கோப்பை என் கடைக் கோப்பை. பேச்சு என் பேச்சு. பிள்ளை நான் பழக்கிய பிள்ளை. நடுவர் என்னை ஜெனரல் என்று கூப்பிடுகிறவர். முதல் பரிசு யாருக்கு என்பதில் என்ன சந்தேகம்? விழா முடிந்த பிறகு கோப்பையைத் திரும்பக் கடைக்குத் தூக்கிவந்து பெயர் வெட்டுவானேன்? முதல் நாளே வெட்டிவிட்டேன்.

"போட்டி நடக்கட்டுமேங்க," என்றாள் சுகந்தி.

நடக்கட்டும், யார் வேண்டாம் என்றது? பெயர் அதன்பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன்.

விழா அன்று காலை வெள்ளி மெடலை மதியின் சீருடையில் குத்திவிட்டேன்.

"வலது பக்கம்தானேப்பா?"

"வலது பக்கம்தான். நீ வாரிசு."

"வாரிசுன்னா சொந்தமா இருக்கணும்ல?"

"பின்ன?"

ஜியாமெட்ரி பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். கொடியேற்று விழாவுக்கு எதற்கம்மா ஜியாமெட்ரி பாக்ஸ் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரம் என் மார்பில் மெடல்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒன்று சாய்ந்தே இருந்தது.

வெள்ளைத் துணி நாற்காலியில் உட்கார்ந்தேன் டீச்சர். உட்கார்ந்ததும் முதலில் பேன்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மேடைக்குப் போகிற வழியில் சுபேதார் என் மார்பைப் பார்த்து நின்றார்.

"ஜெனரல், லெஃப்ட் சைடு பாரம் ஜாஸ்தியா இருக்கு. சாஞ்சிடாம உக்காருங்க."

அக்கறையான மனிதர். அதை நான் எப்போதும் ஒத்துக்கொள்வேன்.

மதி முறை வந்தது. மேடையேறினாள். வணக்கம் சொன்னாள். சொல்லிவிட்டு, வலது மார்பில் நான் குத்திய வெள்ளி மெடலைக் கழற்றினாள். ஊசி குத்திவிடப் போகிறதே என்று நான் பாதி எழுந்துவிட்டேன். கழற்றி, கம்பியைப் பிடித்து, மேசையில் வைத்தாள். முகத்தில் விரல் படவில்லை. அதுவரைக்கும் பழக்கம் சரியாகத்தான் இருந்தது.

"எங்க அப்பா எழுதிக் குடுத்த பேச்சு இந்த மெடலுக்கு," என்றாள். "இதுல சிப்பாய் சின்னக்கண்ணுன்னு இருக்கு. எங்க எள்ளுத்தாத்தா பேரும் சின்னக்கண்ணு. ஆனா நம்பர் வேற, படை வேற. அதனால இவர் எங்க வீட்டுக்காரர் இல்ல. யாருன்னு எங்களுக்குத் தெரியாது. இவங்க வீட்டுக்காரங்க யாராவது இருந்தா எங்க அப்பாவ வந்து பாருங்க. கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல."

கடை விலாசத்தை மைக்கில் சொன்னாள். அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளூர ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் விளைவைப் பாருங்கள். பின்னால் ஓர் ஆட்டோக்காரர் எழுந்தே நின்றுவிட்டார், எங்க வீட்டுப் பெரியவராச்சே என்று. இப்போது வாரம் தவறாமல் வருகிறார். ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வந்து, கண்ணாடி வழியாக நடு வெல்வெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால்கூட ஏதாவது பதில் சொல்லலாம்.

அதற்குள் மதி ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்துவிட்டாள். காம்பஸுக்கும் அழிரப்பருக்கும் நடுவிலிருந்து அந்த வெண்கலத்தை எடுத்தாள். எடுத்து, ஊர் பார்க்க, வலது மார்பில் குத்திக்கொண்டாள். ரிப்பன்கூட இல்லை, அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ஏதோ நாடாவைக் கோத்திருந்தாள். நாடா கோத்தவள் யார் என்று நான் இன்னும் சுகந்தியைக் கேட்கவில்லை.

"எங்க எள்ளுத்தாத்தா இவர்தான். இவர் சமையல்காரர். சண்டைக்குப் போனார், சண்டை போடல. துப்பாக்கி குடுக்கல, கரண்டி குடுத்தாங்க. குண்டு போடும்போது சிப்பாய்ங்க குழிக்குள்ள படுத்துக்கலாம். ஆனா அவங்களுக்குப் பசிக்குமே, யாராவது பானையத் தூக்கிட்டு அந்தக் குழி வரைக்கும் போகணும்னு சுபேதார் தாத்தா சொன்னார். எங்க எள்ளுத்தாத்தா அப்படிப் போனாரான்னு எங்களுக்குத் தெரியாது. என்ன சமைச்சார்னும் தெரியாது. பருப்பும் சப்பாத்தியுமா இருக்கலாம். ஓரத்துல இருக்கிறது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அதுல குக்னு இருக்கு. நன்றி."

இவ்வளவுதான் பேச்சு. நான் எழுதியது எவ்வளவு நீளம் தெரியுமா? பாய்ச்சல் எங்கே, முழக்கம் எங்கே? இது தெரியாது, அது தெரியாது என்று சொல்வதற்கு ஒரு மேடையா? ஆனால் கூட்டம் கை தட்டியது. தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள்.

சுபேதார் எழுந்தார். மைக்கை வாங்கினார்.

"என்கூட நின்னு சுட்டவன் பேரெல்லாம் பாதி மறந்துபோச்சு. சமையல்காரங்க பேர் ஒண்ணுகூட மறக்கல," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஜெனரல், உங்க படைக்கு இன்னைக்குத்தான் முதல் ஆள் வந்திருக்கார்."

இது பாராட்டு. என் சேகரிப்பைத்தான் சொல்கிறார். ஆனால் இதற்கும் ஏன் அத்தனை பேர் சிரித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

முதல் பரிசு மதிக்குத்தான். அதில் நான் சொன்னது சரியாகத்தானே போயிற்று? கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். சுபேதார் அதைத் தூக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதில் இருந்ததைப் படித்தார்.

"அட, நிறைமதி பேர் முன்னாடியே வந்திருச்சு. எங்க பட்டாளத்துல சம்பளம்கூட இவ்வளவு முன்னாடி வந்ததில்ல."

மறுபடியும் சிரிப்பு. தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். நான் பேன்ட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எடுத்துக்கிறியா பாப்பா? உன்னுதுதான்."

கோப்பையை வாங்கினாள். வாங்கினால் வாங்கியபடி இறங்கி வர வேண்டியதுதானே. நான் பழக்கிய பழக்கம், முழுவதையும் படி, ஓரத்தையும் விடாதே. திருப்பித் திருப்பிப் படித்தாள். அதில் என்ன வெட்டியிருக்கிறது என்று இங்கிருந்தே உங்களுக்குத் தெரியும். 'சிப்பாய் சின்னக்கண்ணு நினைவுக் கோப்பை. முதல் பரிசு: அவர் வழிவந்த த. நிறைமதி.'

நான் கீழேயிருந்து தலையை ஆட்டினேன். எடுத்துக்கொள் என்று ஆட்டினேன். சுகந்தியும் ஆட்டினாள். அவள் எப்படி ஆட்டினாள் என்று நான் பார்க்கவில்லை.

மேடை ஓரத்தில் ஒரு பெஞ்சு. கலந்துகொண்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க எவர்சில்வர் டிபன் டப்பாக்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். மதி கோப்பையை அந்த பெஞ்சில் வைத்தாள். ஒரு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.